ஒரே ஷாட்டுக்கு இரண்டு புள்ளி: ஜி லீக்கின் ஃப்ரீ த்ரோ சோதனை எதை மாற்றுகிறது?

கேள்வி இது: “அமெரிக்கக் கூடைப்பந்தின் ஜி லீக்கில் ஃபவுல் வாங்கியவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுக்காமல் ஒன்றே ஒன்று கொடுத்து, அது விழுந்தால் இரண்டு புள்ளி என்று விதியை மாற்றினார்களே, ஏன்? இது நியாயமா? பெரிய லீக்கான என்பிஏவுக்கும் வந்துவிடுமா?”

விதியை முதலில் சரியாகப் பார்த்துவிடுவோம். ஃபவுலுக்கு ஈடாக, யாரும் தடுக்காமல், கோட்டில் நின்று எறியும் ஷாட்தான் ஃப்ரீ த்ரோ, வழக்கமாக ஒன்றுக்கு ஒரு புள்ளி. 2019-20 சீசனில் தொடங்கியது இது. இரண்டு ஷாட் கிடைக்க வேண்டிய இடத்தில் ஒரு ஷாட், அதன் மதிப்பு இரண்டு. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும்போது ஃபவுல் நடந்தால் ஒரு ஷாட், மதிப்பு மூன்று. கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் எப்போதும்போல ஒரு ஷாட், ஒரு புள்ளி. நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் ஓவர்டைமுக்கும் மட்டும் பழைய விதி. இந்த விதிவிலக்கில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜி லீக்கில் ஏன் என்றால், என்பிஏவுக்கு அது வளர்ப்புக் களமும் சோதனைக் கூடமும். 2001இல் டெவலப்மென்ட் லீக்காகத் தொடங்கி, பிறகு டி லீக் என்று அழைக்கப்பட்டு, 2017இல் கேட்டரேட் நிறுவனத்தின் பெயரை ஏற்று ஜி லீக் ஆனது. தாக்கும் அணியே ரீபவுண்ட் எடுத்தால், அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடித்தால், ஷாட் எடுக்கக் கெடு வைக்கும் ஷாட் கிளாக்கை 14 விநாடிக்கு மட்டும் திருப்புவது என்ற விதி அங்கே ஓடிப் பழகித்தான் 2018-19இல் என்பிஏவுக்கு வந்தது. அதனால் அங்கே எதையாவது மாற்றினால் பெரிய லீக்கின் ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொள்வது இயல்பு.

மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் நேரம். என்பிஏவில் ஒரு அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 20 முதல் 25 ஃப்ரீ த்ரோ எறிகிறது. 48 நிமிட ஆட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த நேரம் எங்கே போகிறது என்று மைதான ஓரத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். விசில் ஊதுகிறது. நடுவர் கையை உயர்த்துகிறார், ஸ்கோரர் மேசையைப் பார்த்து ஃபவுல் செய்தவரின் எண்ணை விரலால் காட்டுகிறார். ஃபவுல் செய்தவர் இரண்டு கையையும் விரித்து “நான் தொடவே இல்லை” என்கிறார். விழுந்தவரைத் தூக்கிவிட இரண்டு பேர் வருகிறார்கள். ஆட்கள் நடந்து வந்து கூடைக்கு முன்னால் இருக்கும் ‘பெயிண்ட்’ பகுதியின் இருபுறமும் இடம் பிடிக்கிறார்கள். நடுவர் இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிக் கொடுக்கிறார். எறிபவர் மூன்று தட்டு தட்டி, பந்தை உள்ளங்கையில் சுழற்றி, தையல் கோடு விரலுக்குக் கீழே வந்ததும் மூச்சை விட்டு, முழங்காலை மடக்கி எறிகிறார். பந்து நடுவர் கைக்குத் திரும்புகிறது. இப்போது ஒரு விரல். மறுபடியும் மூன்று தட்டு, ஒரு மூச்சு, ஒரு ஷாட்.

இதில் பெரும்பகுதி முதல் ஷாட்டுக்கு முன்பே செலவாகிவிடுகிறது. இரண்டாவது ஷாட்டுக்கு ஆவது சில விநாடிதான், புதிய விதி வெட்டுவது அதைத்தான். இருபது முறை சேர்ந்தால் சில நிமிடம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் இழுப்பதற்கு உண்மைக் காரணமான டைம் அவுட்டையும் ரீப்ளே பார்ப்பதையும் இது தொடுவதே இல்லை.

நியாயமா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். என்பிஏவில் ஃப்ரீ த்ரோ விழும் விகிதம் பல பத்தாண்டுகளாகவே 75 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது, அண்மைக் காலத்தில் அதற்குச் சற்று மேலே. வசதிக்காக 75 என்றே வைத்துக்கொள்வோம். பழைய விதியில் இரண்டு ஷாட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது 1.5 புள்ளி. புதிய விதியில் இரண்டு புள்ளி மதிப்புள்ள ஒரு ஷாட், 75 சதவீதம். அதே 1.5. சராசரியில் யாருக்கும் நஷ்டமில்லை, லாபமில்லை.

மாறுவது ஏற்ற இறக்கம். பழைய விதியில் இரண்டும் தவறி வெறுங்கையோடு திரும்ப வாய்ப்பு 6.25 சதவீதம், அதாவது பதினாறில் ஒரு முறை. புதிய விதியில் நான்கில் ஒரு முறை. ஒரு புள்ளி மட்டும் கிடைப்பது, பழைய விதியில் 37.5 சதவீதம் நடக்கக்கூடியது, இரண்டு ஷாட் கிடைக்கிற ஃபவுலில் இனி நடக்கவே நடக்காது. விழுந்தால் முழுதும், விழாவிட்டால் ஒன்றுமில்லை.

இதைக் கேட்டதும் “அப்படியானால் ஆட்டம் சூதாட்டமாகிவிடுமே” என்று தோன்றும். முழு ஆட்டத்துக்கும் கணக்குப் போட்டால் அவ்வளவு பயமில்லை. ஓர் அணிக்கு 12 முறை இப்படி இரண்டு ஷாட் ஃபவுல் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு விதியிலும் எதிர்பார்ப்பு 18 புள்ளி. அதிலிருந்து முன்பின் விலகும் அளவு (திட்ட விலக்கம் என்று பள்ளிப் புள்ளியியலில் படித்திருப்பீர்கள்) பழைய விதியில் சுமார் 2.1 புள்ளி, புதிய விதியில் 3 புள்ளி. ஓர் ஆட்டத்தில் ஒரு புள்ளிக்கும் குறைவான கூடுதல் ஏற்ற இறக்கம். மூன்று புள்ளி ஷாட்டுகளே ஓர் அணியின் ஸ்கோரை இதைவிடப் பலமடங்கு ஆட்டிவைக்கின்றன. ஆகவே ‘அதிர்ஷ்டம் ஆண்டுவிடும்’ என்ற எதிர்ப்பு 46 நிமிடத்தைப் பொறுத்தவரை எடுபடாது.

ரீபவுண்டும் அப்படித்தான். ஒரே ஷாட் என்றால் ரீபவுண்ட் சண்டை கூடும் என்று பலர் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: பழைய விதியிலும் கடைசி ஷாட் தவறினால்தான் பந்து உயிரோடு இருக்கும். அது 25 சதவீதம். புதிய விதியில் இருக்கிற ஒரே ஷாட்தான் கடைசி ஷாட், அதுவும் 25 சதவீதம். எண்ணிக்கை ஒன்றேதான். கூடைக்கு மிக அருகில் உள்ள இரண்டு இடமும் தடுக்கும் அணிக்குத்தான் என்பதால் அந்தப் பந்தைப் பெரும்பாலும் அவர்களே எடுக்கிறார்கள், அதிலும் மாற்றமில்லை.

உண்மையில் மாறுவது எறிபவரின் மனமும் கையும். இரண்டு ஷாட் எறியும்போது முதல் ஷாட்டைவிட இரண்டாவது ஷாட் சற்றுக் கூடுதலாக விழுகிறது, என்பிஏ கணக்குகளில் இது பலமுறை பார்க்கப்பட்டது. காரணம் எறிந்து பார்த்தவர்களுக்குப் புரியும். ஓடி, மோதி, விழுந்து எழுந்த உடம்பு அது. நெஞ்சு படபடக்கிறது. முதல் ஷாட் ரிங்கின் முன்விளிம்பில் இடித்தால் “காலில் இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும்” என்று உடம்புக்குத் தெரிகிறது, இரண்டாவதைத் திருத்தி எறிகிறது. புதிய விதி அந்தத் திருத்தத்தை எடுத்துவிடுகிறது. எல்லா ஷாட்டும் முதல் ஷாட்தான். அப்படிப் பார்த்தால் சராசரியும் கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஃபவுல் செய்யும் அணிக்கு அது சின்னச் சலுகை. நான் இந்த விதியை எடைபோடும்போது மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக எடை கொடுக்கிறேன்.

இனி அந்தக் கடைசி இரண்டு நிமிடம். ஓர் அணி மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறது, அரை நிமிடம்தான் பாக்கி. கடிகாரத்தை நிறுத்த எதிரணியை வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறார்கள். முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன் சிறந்த ஆளின் கையில் வைத்திருக்கும், 90 சதவீதம் போடுபவர் என்று வையுங்கள். பழைய விதியில் அவர் இரண்டையும் தவறவிட நூற்றில் ஒரு வாய்ப்பு. புதிய விதியில் பத்தில் ஒரு வாய்ப்பு. ஃபவுல் செய்வது திடீரென்று பத்து மடங்கு ஆசை காட்டும் உத்தியாகிவிடுகிறது. ஆட்டத்தைச் சுருக்க வந்த விதி கடைசி நேரத்தில் ஃபவுல்களைப் பெருக்கி ஆட்டத்தை நீட்டிவிடும். மறுபக்கமும் பாருங்கள். மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி, எதிரி மூன்று புள்ளி ஷாட் எடுப்பதற்குள் ஃபவுல் செய்கிறது. அப்போது பின்தங்கிய அணிக்கு இருக்கும் ஒரே வழி, முதல் ஷாட்டைப் போட்டுவிட்டு இரண்டாவதை வேண்டுமென்றே ரிங்கில் மோதவிட்டு, ரீபவுண்ட் எடுத்துச் சமன் செய்வது. ஒரே ஷாட் என்றால் அந்த வழியும் அடைபடுகிறது. விதிவிலக்கு வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதனாலேயே ஒரே ஆட்டத்துக்குள் ஒரு ஃபவுலுக்கு இரண்டு விதம். மூன்றாம் குவார்ட்டரில் ஒரு ஃபவுலுக்கு ஒரு ஷாட், கடைசி நிமிடத்தில் அதே ஃபவுலுக்கு இரண்டு. புதிதாகப் பார்க்க வருபவருக்கு இதை விளக்குவது கஷ்டம்தான், இருந்தாலும் விதிவிலக்கே இல்லாததைவிட இது மேல்.

பலவீனமாக எறிபவரைத் தேடிப்போய் ஃபவுல் செய்யும் ‘ஹேக்’ உத்திக்கு இது மருந்தாகுமா என்றும் சிலர் கேட்பார்கள். ஆகாது. 50 சதவீதம் போடுபவருக்கு இரண்டு ஷாட்டிலும் சராசரி ஒரு புள்ளி, ஒரே ஷாட்டிலும் ஒரு புள்ளி. சாதாரணமாக ஒரு தாக்குதலில் அணிகள் எடுப்பது ஒன்றுக்குச் சற்று மேல் என்பதால் ஃபவுல் செய்வது இரண்டு விதியிலும் லாபமாகவே இருக்கும். இந்த உத்தியை டான் நெல்சன் டல்லாஸ் அணியின் பயிற்சியாளராக 1997 டிசம்பர் 29 அன்று சிகாகோ அணியின் டென்னிஸ் ராட்மன் மீது செய்து பார்த்தார். ராட்மனை மட்டுமே குறிவைத்து ஃபவுல் செய்த பப்பா வெல்ஸ் மூன்று நிமிடம் முடிவதற்குள் ஆறு ஃபவுலும் செய்து விதிப்படி வெளியேறினார். ராட்மன் 12இல் 9 போட்டார், சிகாகோ ஜெயித்தது. உத்தி அன்று தோற்றாலும் சாகவில்லை. 2000 இறுதிப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் ஷக்கில் ஓ’நீல் 39 ஃப்ரீ த்ரோ எறிந்து 18 போட்டார். 2016 ஜனவரியில் ஆண்ட்ரே டிரம்மண்ட் ஒரே ஆட்டத்தில் 36 எறிந்து 23ஐத் தவறவிட்டார். பார்க்கவே மனம் கஷ்டப்படும் ஆட்டங்கள் அவை. ஒரு மனிதனின் பலவீனத்தை அரங்கம் முழுக்க உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பது விளையாட்டாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கு என்பிஏ எடுத்த மருந்து வேறு. பந்து இல்லாத இடத்தில் வேண்டுமென்றே செய்யும் ஃபவுலுக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் கூடவே பந்தும் என்ற தண்டனை, ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் இருந்தது. 2016-17 முதல் ஒவ்வொரு குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் அது விரிந்தது. எதிரணி வேகமாகத் திருப்பித் தாக்க ஓடும்போது சும்மா பிடித்து நிறுத்தும் ‘டேக் ஃபவுல்’ கதையும் இதேதான். ஜி லீக்கில் 2018-19இல் சோதித்தார்கள்: பாதிக்கப்பட்ட அணியில் யார் வேண்டுமானாலும் ஒரு ஷாட் எறியலாம், பந்தும் அவர்களுக்கே. 2022-23இல் என்பிஏ அதை எடுத்துக்கொண்டது. வேகமான ஓட்டம் மறுபடி உயிர்பெற்றது. ஜி லீக் சோதனைகளில் ஃப்ரீ த்ரோ சம்பந்தப்பட்டதில் முழு வெற்றி என்று நான் சொல்வது இதைத்தான். ஏனென்றால் அது ஒரு கெட்ட பழக்கத்தைக் குறிபார்த்து அடித்தது. ஒரே ஷாட் விதி அப்படி எந்தப் பழக்கத்தையும் குறிபார்க்கவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்க்கிறது.

“காலங்காலமாக இரண்டு ஷாட்தானே” என்பதை மட்டும் எதிர்ப்பாக வைக்காதீர்கள். ஃப்ரீ த்ரோ என்பதே நடுவில் வந்ததுதான். 1891இல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் அது கிடையாது. ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல், அவ்வளவுதான். ஃப்ரீ த்ரோ 1894இல் வந்தது, அதுவும் 20 அடியிலிருந்து. அடுத்த ஆண்டே 15 அடிக்கு வந்தது, இன்றும் அங்கேயே நிற்கிறது. 1920களின் நடுப்பகுதி வரை ஃபவுல் வாங்கியவரே எறிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அணிக்கு ஒரு கைதேர்ந்தவர் இருப்பார், யார் அடி வாங்கினாலும் எறிவது அவர்தான். என்பிஏவிலேயே ‘இரண்டு போட மூன்று வாய்ப்பு’ என்று ஒரு விதி இருந்தது. ஃபவுல் செய்த அணி தனக்கு அனுமதித்த ஃபவுல் எண்ணிக்கையைத் தாண்டியிருந்தால், ஷாட் எடுக்கும்போது ஃபவுல் வாங்கியவர் இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும் மூன்றாவது எறியலாம். 1980களின் தொடக்கத்தில்தான் அதைத் தூக்கினார்கள். அதனால் மாற்றம் என்பதே துரோகம் என்று சொல்ல இடமில்லை.

மற்ற இடங்களிலும் இது நடந்திருக்கிறது. பிரியன்னா ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும் சேர்ந்து தொடங்கி 2025இல் முதல் சீசன் ஆடிய ‘அன்ரைவல்ட்’ பெண்கள் லீக்கிலும் தவறிய ஷாட்டின் மதிப்பையே தாங்கிய ஒற்றை ஃப்ரீ த்ரோதான். சர்வதேசக் கூட்டமைப்பின் மூவர் கூடைப்பந்தில் வளைவுக்கு உள்ளே ஃபவுல் என்றால் ஒரு ஷாட், ஒரு புள்ளி. அங்கே உள்ளிருந்து போடும் கூடைக்கே ஒரு புள்ளிதான் என்பதால் அது பொருத்தமாக உட்கார்ந்துவிடுகிறது. சின்ன அணி, குறுகிய ஆட்டம், ஓட்டமே உயிர். அந்த ஆட்டங்களுக்கு ஒற்றை ஷாட் இயல்பாக இருக்கிறது.

என்பிஏவுக்கு வருமா? சாதனைப் புத்தகம் ஒரு பெரிய தடை. கார்ல் மலோனின் 9,787 ஃப்ரீ த்ரோவும், 1993இல் மைக்கேல் வில்லியம்ஸ் தொடர்ந்து 97 போட்டதும் ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனியே எண்ணப்பட்ட காலத்துச் சாதனைகள். எறியும் வாய்ப்பைப் பாதியாக்கிவிட்டு அவற்றைத் துரத்தச் சொல்ல முடியாது. ஆனால் என் தயக்கம் புத்தகத்தால் வந்தது அல்ல.

நட்சத்திர வீரர்கள் மோதும் 2020 ஆல் ஸ்டார் ஆட்டம் கடிகாரம் இல்லாமல், குறித்த ஸ்கோரை முதலில் தொடும் அணிக்கு வெற்றி என்ற முறையில் முடிந்தது. இலக்கு 157. லெப்ரான் ஜேம்ஸ் தலைமையிலான அணிக்கு ஒரு புள்ளி தேவை, ஆந்தனி டேவிஸ் கோட்டில் நிற்கிறார். முதல் ஷாட் தவறியது. அரங்கம் முழுக்க எழுந்து நிற்கிறது. இரண்டாவது விழுந்தது, 157-155. அந்த இரண்டு ஷாட்டுக்கும் நடுவில் இருந்த சில விநாடியைத்தான் வீண் நேரம் என்று ஜி லீக் கணக்கு சொல்கிறது. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியின் ஆறாம் ஆட்டம். அந்தப் பிளே ஆஃப் முழுக்க ஜானிஸ் அன்டெட்டகுன்போ கோட்டில் நின்றாலே வெளியூர் அரங்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக் கேலி செய்துகொண்டிருந்தன. பத்து விநாடிக்குள் எறிய வேண்டும், அவரோ மெதுவாக எறிபவர். 2021 ஜூலை 20 அன்று அவர் 19இல் 17 போட்டார், 50 புள்ளி எடுத்தார், மில்வாக்கி கோப்பை வென்றது. ஒன்றைப் போட்ட பிறகு மறுபடி அதே கோட்டில், அதே மூச்சை எடுத்து, இன்னொன்றைப் போடுவது. பாதி எண்ணிக்கையில், இரட்டை மதிப்பில் அது நடந்திருந்தால் ஸ்கோர் ஒன்றாக இருந்திருக்கலாம், பார்த்தவர்கள் அந்த இரவை இப்படி நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே என் பதில்: ஜி லீக்கில் இருக்கட்டும், கோடைக்கால லீக்கிலும் ஓடட்டும், அங்கே பயணக் களைப்போடு அடுத்தடுத்து ஆடும் இளைஞர்களுக்குச் சில நிமிட மிச்சம் உண்மையான உதவி. என்பிஏ கொண்டுவந்தே தீருவோம் என்றால் முதல் மூன்று குவார்ட்டரோடு நிறுத்த வேண்டும், பிளே ஆஃபைத் தொடக்கூடாது. நேரம்தான் கவலை என்றால் கையில் இருக்கிற பத்து விநாடி விதியைக் கண்டிப்பாக எண்ணட்டும், ரீப்ளே பார்க்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு வைக்கட்டும். இரண்டாவது ஷாட்டைவிட அங்கேதான் நிமிடங்கள் கொட்டிக் கிடக்கின்றன.